காபிக்கு ரெண்டு விசில்

வாலாட்டுது. என்னைப் பாத்து எதுக்கு வாலாட்டணும், நான் இதுக்கு என்ன செஞ்சேன், ஒரு வாய் தண்ணிகூட இன்னும் வைக்கலை, வீட்டுக்குள்ள கால் வச்சு அரை நாள் ஆகலை, அதுக்குள்ள பிறந்ததுலேருந்து இங்கயே கிடந்த மாதிரி சோபாவுல ஏறிப் படுத்துருச்சு. அதுவும் எங்க? அவர் உக்காருற மூலையில. முப்பது வருஷமா அந்த மனுஷன் உக்காந்து உக்காந்து குழி விழுந்த எடம் அது. ஆள் போயி எட்டு மாசமாச்சு, குழி இன்னும் நிமிரலை. பஞ்சு மாத்திரலாம்மான்னு பையன் தயா ரெண்டு தடவை சொல்லிட்டான், மாத்திக்கலாம்டா என்ன அவசரம்னுட்டேன். நான் அதுல உக்காந்ததில்லை. அவர் இருந்தப்பவும் இல்லை, போன பிறகும் இல்லை. எனக்கு இந்த சமையக்கட்டு வாசல்ல கிடக்கிற பிளாஸ்டிக் நாற்காலி போதும், இங்கேருந்து பாத்தா அடுப்பும் தெரியும் ஹாலும் தெரியும், ரெண்டுக்கும் நடுவுலயே இருந்து பழகுன உடம்பு. இது பாரு, ஒரு சுத்து சுத்திட்டு, அந்தக் குழிக்கு அளவெடுத்த மாதிரி சுருண்டுக்கிட்டு, தாடையைக் கைப்பிடி மேல வச்சு என்னையே பாக்குது. பழுப்பு உடம்பு, நாலு காலும் முட்டி வரைக்கும் வெள்ளை, ஒரு காது நுனியில சின்ன வெட்டு, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணதுக்கு அடையாளமாம். ஒன்றரை வயசாம். தயாவும் மருமக சிந்துஜாவும் இதுக்குக் கிண்ணம், கழுத்துப்பட்டை, படுக்கைன்னு வாங்கக் கடைக்குப் போயிருக்காங்க. நீ பாத்துக்கம்மா, சீக்கிரம் வந்துடறோம்னு தயா சொல்லிட்டு, போகும்போது குனிஞ்சு இது தலையைத் தடவிக் குடுத்தான். என் தலையைத் தடவலையேன்னு சொல்ல வரலை, முப்பத்தெட்டு வயசுப் பையன் அம்மா தலையைத் தடவுவானா, சும்மா தோணுச்சு, அவ்வளவுதான். மேல சுவத்துல அவர் போட்டோவுல சிரிச்சுக்கிட்டு இருக்கார், சீரியல் பல்பு அணைஞ்சு அணைஞ்சு எரியுது, கீழ அவர் எடத்துல இது. ரெண்டும் என்னைத்தான் பாக்குது. பாரு, நல்லாப் பாரு. இன்னைக்கு உன்னை ஒரு கை பாக்கிறேன். அதுக்குத்தானே உன்னை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன்.

எனக்கு நாய் வேணும்னு நான் கேக்கலை. அம்மா தனியா இருக்காங்க, அப்பா போன பிறகு பேச்சே குறைஞ்சு போச்சு, நாம ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா பகல் பூரா சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்கன்னு தயாவே முடிவு பண்ணிட்டான். எனக்கு அந்தச் சுவரு எவ்வளவு பிடிச்சிருக்குன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? யாரும் கூப்பிடாத பகல். ஒரு டம்ளர் தண்ணி குடிச்சா குடிச்சு முடிக்கலாம், பாதியில வச்சுட்டு ஓட வேண்டாம். அதைப் போயி அவன்கிட்ட சொல்ல முடியுமா, அப்பா செத்தது எனக்கு லீவு விட்ட மாதிரி இருக்குடான்னு? சரின்னுட்டேன். காலையில ஊருக்கு வெளிய ஒரு நாய்க் காப்பகத்துக்குப் போனோம். ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, வரிசையா கம்பிக் கூண்டு, பினாயிலும் வேக வச்ச கோழித்தலையும் கலந்த வாடை. மெர்லின்னு ஒரு பொண்ணு, தலைமுடியைக் கொண்டை போட்டுக்கிட்டு, கையெல்லாம் நகக் கீறல். வீட்ல இருக்கிற எல்லாரும் நேர்ல வந்து சம்மதம் சொல்லணும், பெரியவங்க வேண்டாம்னா குடுக்க மாட்டோம்னு கண்டிஷனாச் சொல்லுச்சு. கூண்டுல இருக்கிறதெல்லாம் கம்பியில ஏறி விழுந்து குரைக்குது, இது ஒண்ணு மட்டும் குரைக்கலை, திறந்து விட்டவுடனே நேரா வந்து என் கால்ல சாஞ்சுது. முழு பாரத்தையும் போட்டு. காலை நகத்தினேன், நகந்து வந்து மறுபடி சாஞ்சுது. எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். எனக்கு இல்லை. பாத்தவுடனே வந்து சாயுறவங்களை எனக்குத் தெரியும். ஊர்ல எல்லார்கிட்டயும் அப்படி ஒட்டிக்கிட்டுத் திரிஞ்ச ஆளோட வீட்டுக்குள்ள குடித்தனம் பண்ணவ நான். இது பைபாஸ்ல டீக்கடை வாசல்ல கிடந்துச்சு, யாரோ வீட்ல வளத்துட்டு வண்டியிலேருந்து இறக்கி விட்டுட்டுப் போயிருக்காங்க, கடைக்காரர்தான் பேரு வச்சிருக்கார்னு மெர்லின் சொல்லிக்கிட்டே வந்துச்சு. யாரையும் கடிக்காது, எல்லார்கிட்டயும் ஒட்டிக்கும், ஒரே ஒரு விஷயம்தாம்மா, கையை மட்டும் ஓங்கிராதீங்க, விளையாட்டுக்குக்கூட ஓங்காதீங்க, அப்படியே ஒடுங்கிப் போயிரும்னு சொல்லுச்சு. என்னைப் பாத்துத்தான் சொல்லுச்சு. நான் தலையாட்டினேன். என்ன பேருன்னு சிந்துஜா கேட்டா. மணின்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு.

தயா மூஞ்சி சுருங்கிப் போச்சு. அது எங்க அப்பா பேருங்க, ஊர்ல எல்லாரும் மணி சார்னுதான் கூப்பிடுவாங்கன்னு மெல்லச் சொன்னான். ஐயோ சாரிங்க, பேரை மாத்திக்கலாம், சின்ன வயசுதான், ரெண்டு வாரத்துல பழகிரும்னு மெர்லின் பதறுச்சு. புரூனோன்னு வச்சுக்கலாம்னு தயா சொன்னான். அப்பதான் நான் வாயைத் திறந்தேன். "வேண்டாம். அந்தப் பேரே இருக்கட்டும்." மூணு பேரும் திரும்பிப் பாத்தாங்க. தயாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு, பாவம். கார்ல வரும்போது சிந்துஜாகிட்ட தணிஞ்ச குரல்ல சொல்றான், அந்தப் பேரு வீட்ல கேட்டுக்கிட்டே இருக்கணும்னு அம்மாவுக்கு ஆசை போலன்னு. அவ முன்னாடி இருக்கிற கண்ணாடியில என்னை ஒரு பார்வை பாத்தா. அவளுக்குக் கண்ணு கூர்மை. ஆனா என் வயித்துக்குள்ள என்ன ஓடுச்சுன்னு அவளுக்கும் தெரியாது. வெயில்ல நடந்து வந்து பானைத் தண்ணியை மடக் மடக்குன்னு குடிச்சா எப்படி இருக்கும், அப்படி இருந்துச்சு. வழி பூரா மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். மணி, சோபாவை விட்டு இறங்கு. மணிக்கு இன்னைக்குச் சோறு கிடையாது. மணியை வெளிய கட்டிப் போட்டிருக்கேன், மழை பெஞ்சா பெய்யட்டும். ஏய் மணி, எத்தனை தடவை கூப்பிடுறது, காது என்ன செவிடா? இது என் மடியில தலையை வச்சுத் தூங்கிக்கிட்டு வந்துச்சு. எச்சில் வடிஞ்சு புடவை நனைஞ்சு போச்சு.

அவர் பள்ளிக்கூடத்துல பி.டி. வாத்தியார். மணி சார்னா பிள்ளைங்க உயிரை விடும். பிள்ளைங்க என்ன, பெத்தவங்க, பால்காரர், பஸ் கண்டக்டர், எல்லாருக்கும் அவர் வேணும். யார் வீட்டுக் கல்யாணம்னாலும் பந்தி பரிமாற முதல் ஆளா நிப்பார், யாருக்கு ஆஸ்பத்திரின்னாலும் ராத்திரி துணைக்குப் படுப்பார். நீ குடுத்து வச்சவடின்னு எத்தனை பேர் சொல்லியிருக்காங்க என்கிட்ட. ஆமாங்கன்னு சிரிப்பேன். வாசல் வரைக்கும் அந்த முகம். வாசல் தாண்டி உள்ள வந்தா வாய் பேசாது, விசில்தான் பேசும். பள்ளிக்கூடத்து விசில், நீலக் கயிறு போட்டது, கழுத்துலயே கிடக்கும். ஒண்ணு ஊதினா வா. ரெண்டு ஊதினா காபி. நீளமா ஊதினா இலை போடு. மொதல்ல விளையாட்டுன்னுதான் நெனச்சேன், புதுசா கல்யாணமானவ, சிரிச்சுக்கிட்டே ஓடி வந்தேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, லேட்டா வந்தா காபி டம்ளர் தரையில கவுந்துரும், துடைக்கணும், திரும்பப் போடணும், அதையும் கவுப்பார். வாயைத் திறந்து கூப்பிட்டா ஏய், நாயேன்னு வரும், அதுக்கு விசிலே தேவலை. குக்கர் விசில் அடிச்சாகூட கால் ஹாலுக்குப் போயிரும் எனக்கு, பாதி வழியிலதான் ஐயோ குக்கருன்னு தெரியும். பசங்க ஒரு தடவை கோப்பை ஜெயிச்சுட்டு வீடு நிறைய வந்து உக்காந்திருந்தாங்க. ரெண்டு ஊதினார். நான் நல்ல டம்ளரா எடுத்துக் காபி கொண்டு வந்தேன். என் டீம்லயே ஒழுங்கா டிரெயினிங் எடுத்த ஆளு இவதாண்டான்னார். எல்லாம் சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன், தட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னு சிரிச்சேன், அதை நெனச்சாத்தான் இன்னைக்கும் எனக்கு என் மேலயே காறித் துப்பணும்போல வருது. தயா நடக்க ஆரம்பிச்ச வயசுல அவன் வாயில விசிலை வச்சு விடுவார். அது ஊதும், நான் வருவேன், அப்பாவும் பிள்ளையும் கை தட்டுவாங்க. பிள்ளைக்கு என்ன தெரியும், அம்மா வந்துட்டான்னு அதுக்குச் சந்தோஷம். இப்ப அவனுக்கு நினைவுகூட இருக்காது. அடிச்சாரான்னு கேட்டா, அடிச்சது கொஞ்சம்தான். ஓங்கினதுதான் நிறைய. ஓங்கின கையை அப்படியே வச்சிருப்பார், இறக்கவும் மாட்டார், அடிக்கவும் மாட்டார், எப்ப விழும்னு தெரியாம நான் கீழ பாத்துக்கிட்டு நிக்கணும். அதுல அவருக்கு என்ன கிடைச்சுதுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை. விசில் அதோ ஷோகேஸ்ல இருக்கு, கோப்பைங்களுக்கு நடுவுல, தயாதான் துடைச்சு மாட்டி வச்சான்.

அந்த மனுஷன் பேரை நான் ஒரு தடவைகூட வாயால சொன்னதில்லை. புருஷன் பேரைச் சொன்னா அவர் ஆயுசு குறையும்னு எங்க அம்மா சொல்லி அனுப்பினா. கல்யாணத்தன்னைக்கு நாத்தனாருங்கல்லாம் வழி மறிச்சுக்கிட்டு, பேரைச் சொன்னாத்தான் உள்ள விடுவோம்னு கேலி பண்ணாங்க, உதட்டைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். ரேஷன் கடையில கேட்டா வள்ளி தெய்வானை வீட்டுக்காரர் பேருன்னு சொல்வேன். சுப்பிரமணின்னு எழுதணும், ஒருத்தன் முருகன்னு எழுதிட்டான், அதுக்கும் எனக்குத்தான் கை ஓங்கினார். அந்தச் சத்தமே வாயில வரக் கூடாது. நேரம் என்னாச்சுன்னுதான் கேப்பேன். கீரைக்காரிகிட்ட மணத்தக்காளின்னு சொல்லக்கூட நாக்கு தயங்கும், பாதியில அந்தப் பேரு மாதிரி வந்துருமோன்னு, மிளகுதக்காளின்னு கேப்பேன். தயாவைத் தொட்டில்ல போட்டுக் கொஞ்சுவேன், கண்ணேன்னு சொல்லிட்டு நிறுத்திக்குவேன், எல்லாத் தாயும் சொல்ற அடுத்த வார்த்தை எனக்குக் கிடையாது. அப்புறம் ஒரு நாள், காபி மூணு தடவை கவுந்த நாள், பின்கட்டுக்குப் போயி குழாயைத் திறந்து விட்டுட்டு நின்னேன். தண்ணிச் சத்தத்துல யாருக்கும் கேக்காது. இப்ப சொல்லிடப் போறேன், ஒரு தடவை இல்லை நூறு தடவை சொல்லப் போறேன், குறையட்டும் ஆயுசு, நல்லாக் குறையட்டும்னு வாயைத் திறந்தேன். நாக்கு மேல ஒட்டிக்கிச்சு. வாளி நிறைஞ்சு வழிஞ்சு கால்ல ஓடுது, வாய் திறந்தபடி இருக்கு, வரலை. தாலிப் பயமா, பாவம்னு பயமா, உள்ள இருந்தபடியே அவருக்குக் கேட்டுருமோன்னு பயமா, தெரியலை. அதுக்கப்புறம் எத்தனையோ தடவை குழாயைத் திறந்து விட்டேன். அவர் நல்லா எழுபத்தி ரெண்டு வயசு வரைக்கும் இருந்துட்டு, இந்தக் குழியில உக்காந்து கிரிக்கெட் பாத்துக்கிட்டே போயிட்டார். ரெண்டாவது காபிக்கு விசில் வரலையேன்னு எட்டிப் பாத்தேன். அப்பவும் என்னங்க, என்னங்கன்னுதான் கூப்பிட்டேன். சாவு வீட்ல எல்லாரும் மணி மணின்னு அழுதாங்க, நான் மட்டும் சும்மா அழுதேன்.

இப்ப சொன்னா என்ன? எந்த ஆயுசு குறையப் போகுது? இது ஒண்ணுதான் இருக்கு அந்தப் பேருல. குறைஞ்சா குறையட்டும். எந்திரிச்சுப் போயி கிண்ணத்துல சோறு போட்டு, மெர்லின் குடுத்தனுப்பின கோழியைப் பிச்சுப் போட்டுக் கொண்டு வந்தேன். வாடை பட்டதும் சோபாவுல எந்திரிச்சு உக்காந்துக்கிச்சு, காது ரெண்டும் நிமிந்துருச்சு. இறங்கல. பேரைச் சொன்னாத்தான் இறங்கும்போல, யாரோ பழக்கியிருக்கான். சொல்லுடி. இந்தா. இந்தான்னுதான் வருது. இந்தான்னா அதுக்குத் தெரியலை, தலையை ஒரு பக்கம் சாய்ச்சுப் பாக்குது. என்னங்கன்னு வந்துருமோன்னு பயமாயிருக்கு, நாய்கிட்டப் போயி என்னங்கன்னு கூப்பிட்டா நான் பைத்தியக்காரி. போட்டோவைப் பாத்தேன், சிரிக்கிறார், வராதுடி உனக்குன்னு சிரிக்கிறார். பல்லைக் கடிச்சுக்கிட்டு மூச்சை இழுத்தேன். "ம." இவ்வளவுதான் வந்துச்சு, ஆட்டுக்குட்டி மாதிரி. இது வாலை ஒரு தட்டு தட்டுச்சு சோபா மேல. மறுபடி இழுத்தேன். "மணி." என் குரலே இல்லை அது, தொண்டையில எதோ கிழிஞ்ச மாதிரி ஒரு சத்தம். இடி விழலை. பல்பு அணையலை. சோபாவுலேருந்து தொப்புன்னு குதிச்சு, வாலோட சேந்து பின்பக்கம் பூரா ஆட, வந்து என் கால்ல சாஞ்சுது. வந்துருச்சு. நான் கூப்பிட்டேன், அவன் வந்தான். அட. இதுக்கா நாப்பது வருஷம்? "மணி" அப்படின்னேன் மறுபடி. அண்ணாந்து பாத்தான். மணி, மணி, மணி. ஏய் மணி. டேய் மணி. சோத்துக்கு அலையுற மணி. வாயெல்லாம் இனிச்சுது, வெல்லத்தைக் கடிச்சுக்கிட்டு இருக்கிற மாதிரி, எச்சில் ஊறுது. கிண்ணத்தைக் கீழ வச்சேன். வாயைக் கொண்டு போனவுடனே எடுத்துட்டேன். "யாரு உன்னைச் சாப்பிடச் சொன்னா?" நிமிந்து பாத்து வாலாட்டுது. வச்சேன், எடுத்தேன். உப்பு சரியா இருக்கான்னு பாத்துட்டுத் தரட்டுமா மணி? அன்னைக்கு ரசத்துல உப்பு இல்லைன்னு தட்டைத் தள்ளினியே மணி? வச்சேன், எடுத்தேன். எத்தனை தடவை எடுத்தாலும் கோவமே வரலை அதுக்கு. இதுவும் ஒரு விளையாட்டுன்னு நெனச்சு முன்னங்காலைத் தரையில தட்டுது, சிரிக்கிற மாதிரி வாயைத் திறந்து வச்சிருக்கு. உறுமேன்டா. ஒரு தடவை உறுமு. வெளிய வாலாட்டுறதெல்லாம் வீட்டுக்குள்ள என்ன பண்ணும்னு எனக்குத் தெரியும், காட்டு அந்த மூஞ்சியை, எப்ப வரும், இப்பவே காட்டிரு. காட்டலை. கையை நக்குது. புதுசா கல்யாணமாகி வந்தவளும் விளையாட்டுன்னுதான் நெனச்சா, சிரிச்சுக்கிட்டுத்தான் ஓடி வந்தா. அந்த நெனப்பு எங்கேருந்து வந்துச்சோ, எரிச்சலாயிருச்சு. இது அவர் பேரு, இது அவர், இதுக்குள்ள நான் எதுக்கு வரணும்? கிண்ணத்தை அலமாரி மேல வச்சேன். மெர்லின் சொன்னது காதுல கேட்டுச்சு, என்னைப் பாத்துத்தான் அந்தப் பொண்ணு சொல்லுச்சு, தெரிஞ்சுதான் சொல்லியிருக்கும். வலது கையைத் தூக்கினேன். ஓங்கினேன்.

இவ்வளவு வேகமா ஒரு உசுரு சின்னதாக முடியும்னு நான் நெனக்கலை. நின்னுக்கிட்டு இருந்தது இல்லாமப் போச்சு, தரையோட ஒட்டிக்கிச்சு, காது ரெண்டும் மண்டையில படிஞ்சுருச்சு, வாலு வயித்துக்குள்ள போயிருச்சு. சத்தம் இல்லை. அடியில மெல்ல ஈரம் பரவுது. கண்ணு மட்டும் மேல, என் கையைப் பாக்கலை, தரைக்கும் என் முட்டிக்கும் நடுவுல ஒரு எடத்தைப் பாக்குது. அந்த எடம் எனக்குத் தெரியும். கையைப் பாக்கக் கூடாது, மூஞ்சியைப் பாக்கக் கூடாது, அங்கதான் பாக்கணும், அங்க பாத்தா சீக்கிரம் முடியும். யாரு இதுக்குச் சொல்லிக் குடுத்தா? கையை இறக்கணும்னு தெரியுது. இறக்கலை. ஒரு நிமிஷம் இருக்கும், கூடவும் இருக்கலாம், கை காத்து மாதிரி லேசா இருந்துச்சு, தோள்பட்டை வலி இருக்கு எனக்கு, புடவை உலத்தக்கூட கை தூக்க முடியாதுன்னு டாக்டர்கிட்டக் காட்டிக்கிட்டு இருக்கேன், அந்த வலி எங்க போச்சு? நல்லா இருந்துச்சு. ஐயோ, பொய் சொல்லக் கூடாது, நல்லா இருந்துச்சு. என்ன கிடைச்சுது அந்த மனுஷனுக்குன்னு இத்தனை வருஷமாக் கேட்டுக்கிட்டு இருந்தேன், கிடைச்சுருச்சு பதில். அப்புறம் மூத்திர வாடை வந்துச்சு. மணி போன மூத்திரத்தை யார் துடைக்கிறது, நான்தான். பழைய வேட்டிக் கிழிசலை எடுத்துட்டு வந்து குந்தி உக்காந்து துடைச்சேன், அவர் வேட்டிதான் அது. துடைக்கத் துடைக்க அது இன்ச் இன்ச்சா நகந்து ஹால் ஓரத்துல கிடக்கிற கட்டிலுக்கு அடியில போயிருச்சு. மணி, வா, சோறு வைக்கிறேன் வாடான்னு கூப்பிட்டேன். இப்ப அந்தப் பேரு சுலபமா வருது. வரலை அது. சரி கிடன்னுட்டு, பாத்ரூம்ல துணியைப் பிழியப் போனேன். கண்ணாடியில என் மூஞ்சி தெரிஞ்சுது, நான் பாக்கலை.

கதவு திறக்கிற சத்தம், பிளாஸ்டிக் பை சத்தம், தயா குரல், எங்கடா மணி, எங்க ஒளிஞ்சிருக்கன்னு கொஞ்சல். தரை ஏன் ஈரம்னு சிந்துஜா கேட்டா. தண்ணி கொட்டிருச்சும்மான்னு உள்ள இருந்தே சொன்னேன். கட்டிலடியில போயி ஒடுங்கிக் கிடக்கே, அத்தை, என்ன ஆச்சு இதுக்குன்னா. அவ குனிஞ்சு பாத்திருப்பா, எல்லாத்துலயும் குனிஞ்சு பாக்கிறவ. புது எடம்ல, அப்படித்தான் இருக்கும்னு சொன்னேன். துணியைத் தண்ணியில போட்டுப் பிழியுறேன், வாடை போகலை, சோப்புப் போட்டுப் பிழியுறேன். தயா போன்ல எதோ வீடியோ போட்டிருக்கான், நாய்க்கு எப்படிப் பழக்குறதுன்னு ஒருத்தன் சொல்றான், பேரைச் சொல்லிக் கூப்பிடுறதைவிட ஒரே மாதிரி சத்தம் குடுத்தா சீக்கிரம் பழகும்னு சொல்றான். ஒரே மாதிரி சத்தத்துக்கு எங்க போறதுன்னு சிந்துஜா கேக்குறா. ஷோகேஸ் கண்ணாடி நகருது. எனக்குக் கேட்டுச்சு, நல்லாக் கேட்டுச்சு, அந்தக் கண்ணாடி நகந்தா கிறீச்சுன்னு ஒரு சத்தம் வரும். இருடின்னு என்னை நானே பிடிச்சுக்கிட்டேன். குழாயைத் திறந்து விட்டேன். தண்ணிச் சத்தத்துல எதுவும் கேக்காது. அப்பாவோட விசில்டா மணி, வா பாப்போம்னு அவன் சொல்றான். ரெண்டு ஊதினான்.

ஹால்ல நிக்கிறேன். கையில ஈரத் துணி, சொட்டுது. எப்ப வந்தேன்னு தெரியலை. பாத்ரூமுக்கும் ஹாலுக்கும் நடுவுல நடந்ததே ஞாபகம் இல்லை, குழாயை மூடினேனான்னும் தெரியலை, உள்ள ஓடுற சத்தம் கேக்குது. வாய் அதுபாட்டுக்குக் கேட்டுருச்சு. "காபியா?" தயா வாயில விசிலோட என்னைப் பாத்தான், விசிலை எடுத்துட்டுச் சிரிச்சான். அவன் அப்பா சிரிப்புதான் அவனுக்கும், நல்ல சிரிப்பு, ஊரே சொல்லும். "உன்னைக் கூப்பிடலம்மா. மணியைக் கூப்பிட்டேன்." கட்டிலடியிலேருந்து அது வெளிய வந்திருந்துச்சு. விசிலுக்கு வந்துச்சா, நான் வந்தேன்னு வந்துச்சா, தெரியலை. அவன்கிட்டப் போகலை. என் கால்ல வந்து சாஞ்சுது. ஓங்கின கையில ஈரத்துணியோட நான் நிக்கிறேன், என் கால்லயே வந்து சாயுது, வெக்கங்கெட்டது. அட, வந்துருச்சு பாரு, ஒரே தடவையிலன்னு தயாவுக்கு ஒரே குஷி. சிந்துஜா சிரிக்கலை. அவ என் மூஞ்சியைப் பாத்தா, துணியைப் பாத்தா, அப்புறம் அவனைப் பாத்து, அந்த விசிலைக் கீழ வைங்கன்னு சொன்னா. ஏண்டி, நல்லாத்தானே வருதுன்னான். அப்புறம், கேட்டதுதான் கேட்ட, காபி போட்டாலும் நல்லாத்தான் இருக்கும்மா, வெயில்ல சுத்திட்டு வந்தோம்னான். சிந்துஜா நான் போடுறேன்னு எந்திரிச்சா. நீ உக்காரும்மா, நானே போடுறேன்னு சொல்லிட்டு உள்ள வந்துட்டேன். பாலை அடுப்புல வச்சேன். பின்னாலயே வந்து நாற்காலிக்குப் பக்கத்துல நின்னுக்கிச்சு, அடுப்பும் தெரியுற, ஹாலும் தெரியுற எடத்துல. வாலு மெல்ல ஆடுது, இன்னும் முழுசா ஆடலை. சாப்பிட்டியாடா மணின்னு கேக்கலாம்னு இருந்தேன், நிஜமாத்தான், சோத்தை எடுத்து வைக்கலாம்னுதான் நெனச்சேன். மொதல்ல காபித்தூள் டப்பாவை எடுக்க அலமாரிக்குக் கையைத் தூக்கினேன். தரையோட படுத்துருச்சு. காது படிஞ்சுருச்சு, அடியில ஈரம் பரவுது, கண்ணு என் முட்டிக்குக் கீழ அந்த எடத்தைப் பாக்குது. டப்பா கைக்கு வந்துருச்சு. கையை மட்டும் நான் இறக்கலை. ஹால்ல தயா மறுபடி ஊதினான். இதோ வந்துட்டேன்னு சொன்னேன்.